மாத்திரை உயிரைக் காத்தது... இதயத்தைக் காக்க நடக்கலாம் வாங்க!

ஏ.ஆர்.டி மையத்தின் நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், இருபது வருடங்களுக்கு முன்பு டாக்டரிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இன்னும் எத்தனை நாள் இருப்பேன்?’

இன்று அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு கேள்விகள் கேட்கிறார்கள். ‘முட்டி வலிக்குது, மாத்திரை போடலாமா?’, ‘சுகர் வந்திருக்குன்னு சொல்றாங்க, அதுக்கும் சேர்த்து மருந்து சாப்பிடலாமா?’, ‘மாடிப்படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, என்ன பண்றது?’

கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் பெரிய வெற்றி இருக்கிறது. ஹெச்.ஐ.வி தொற்றுள்ளவர்களும் முட்டி வலிக்கிற வயது வரை வாழ்கிறார்கள்!

இந்தியாவில் ஹெச்.ஐ.வி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் அது வெளியே வந்தது. அன்று கையில் மருந்து எதுவும் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. நாடு முழுக்க முதலில் தொடங்கப்பட்ட 8 மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. ஆந்திரா, கர்நாடகா எல்லையிலிருந்தெல்லாம் பஸ் ஏறி அங்கே வந்து நின்றார்கள்.

அப்படி மருந்து வாங்கிப் பிழைத்தவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டிருக்கிறார்கள். வைரஸ் அடங்கிவிட்டது. அடுத்துக் கவனிக்க வேண்டியது இதயம்.

பழனிப் படியில் வந்த பயம்

நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. பெயரும் ஊரும் வேண்டாம், அக்கா என்றே இருக்கட்டும். வயது 51. கணவர் லாரி ஓட்டியவர். அவர் 2005-ல் இறந்த பிறகுதான் அக்காவுக்குத் தன் ரத்தத்திலும் வைரஸ் இருப்பது தெரிந்தது. ஐந்து வயது மகனுக்குப் பரிசோதித்தபோது ‘இல்லை’ என்று வந்த காகிதத்தை, இன்றும் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

2006-ல் மாத்திரை ஆரம்பித்தார். அந்தக் காலத்து மருந்துகள் உயிரைக் காத்தாலும் உடம்பில் வடு வைத்துவிட்டுப் போயின. ஸ்டாவுடின் என்ற மாத்திரை கன்னத்துச் சதையைக் கரைத்தது. பாதத்தில் எந்நேரமும் எரிச்சல். அதை மாற்றி ஸிடோவுடின் கொடுத்தார்கள். ரத்த அணுக்கள் குறைந்து முகம் வெளுத்தது. பிறகு அதையும் மாற்றினார்கள். இப்போது சில வருடங்களாக இரவு ஒரே ஒரு மாத்திரை. எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது, முகத்தில் தெளிவு வந்துவிட்டது.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. நோய் தெரிந்த நாளில் அவருடைய அம்மா சொன்னார்: “கண்ணு, நீ இனி உடம்ப அலட்டிக்காத. உக்காந்த வேலையா பார்த்துக்க.” அம்மா சொன்னதில் பாசம் இருந்தது. அன்றைய நிலையில் நியாயமும் இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்த மகளை வேறு எப்படிக் காப்பாற்றுவது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. அக்கா தையல் மெஷின் வாங்கினார். காலால் மிதிக்க வேண்டாம் என்று மோட்டார் வைத்துக்கொண்டார். தண்ணீர்க் குடம் தூக்கத் தம்பி மனைவி வந்தார். கடைக்குப் போக மகன் இருந்தான். நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலி. இப்படியே பதினெட்டு வருடங்கள் ஓடிவிட்டன.

மகன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறார். முதல் போனஸில் அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் இருவரும் பழனிக்குப் போனார்கள். படியேறிப் போக வேண்டும் என்பது அக்காவின் பல நாள் வேண்டுதல். கால்வாசிப் படி ஏறியதும் மூச்சு முட்டியது. ஓரமாக நின்றுகொண்டு கையைப் பார்த்தார். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 138 என்று காட்டியது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் 131. மகன் அந்த வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டு நாலைந்து படிக்கட்டு வரிசைகள் ஓடி ஏறி வந்து நின்றார். 152 இருந்த துடிப்பு ஒரு நிமிடத்தில் 120-க்கு இறங்கியது.

“அம்மா, உனக்கு மட்டும் ஏன் எறங்கவே மாட்டேங்குது?”

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அக்காவுக்கு அடிவயிறு கலங்கியது. மாத்திரை வேலை செய்யாமல் போய்விட்டது, நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தார். மிச்சப் படிகளை விட்டுவிட்டு விஞ்சில் மேலே போய், சாமியைப் பார்த்துவிட்டு வந்தார்.

பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும்

அடுத்த வாரம் ஏ.ஆர்.டி மையத்தில் பரிசோதனை. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே. சிடி4 எண்ணிக்கை 600-க்கு மேல். அதாவது, மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

“வைரஸ் அடங்கித்தாம்மா இருக்கு. உங்க இதயத்தோட பிரேக்தான் கொஞ்சம் லூஸாயிருக்கு” என்றார் டாக்டர். லாரிக்காரர் மனைவிக்கு அந்தப் பேச்சு சட்டென்று புரிந்தது.

டாக்டர் சொன்ன பிரேக் என்பது என்ன?

இதயத்தின் வலது மேல் அறையில், துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு சின்னத் திசுக்கட்டு இருக்கிறது. அதை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்க வைக்கும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். பழைய நரம்பு இணைப்புகள் அறுபட்டிருப்பதால், அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 90, 100 என்று இருக்கும்.

மற்றவர்களுக்கு ஓய்வில் 70 என்று இருப்பதற்குக் காரணம் வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயத்தையும் நுரையீரலையும் தொட்டு, வயிறு வரை போகும் நரம்பு அது. இதயத்தின் மேல் எப்போதும் லேசாகப் பிரேக் அழுத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. இன்னொரு பக்கம், பயந்தாலோ ஓடினாலோ துடிப்பை ஏற்றிவிடும் பரிவு நரம்புகள். அவைதான் ஆக்ஸிலரேட்டர்.

இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை 1921-ல் ஆஸ்திரியாவில் இருந்த ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் ஊறிக்கிடந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்து இதயத்தை அடக்குகிறது என்பது இப்படித்தான் நிரூபணமானது. அசிட்டைல்கோலின் என்ற அந்த ரசாயனத்தின் கதைக்கு 1936-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நாம் நடக்க ஆரம்பிக்கும்போது உடம்பு முதலில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறது. துடிப்பு 100 வரை ஏறுவதற்கு அதுவே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால்தான் ஆக்ஸிலரேட்டர். நடையை நிறுத்தியதும் முதலில் நடப்பதும் பிரேக் விழுவதுதான். அதனால், நிறுத்திய முதல் ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது வேகஸ் நரம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து, பிறகு சுமார் ஆறு வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை முடிந்து மெதுவாக நடக்கும்போது, முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு, பிற்காலத்தில் இறப்பு அபாயம் அதிகமாக இருந்தது. அவர்கள் ஹெச்.ஐ.வி நோயாளிகள் அல்லர். இந்தக் கணக்கு எல்லா இதயங்களுக்கும் பொதுவானது.

அக்காவுக்கு இறங்கியது ஏழு. படிக்கட்டில் வாட்சைப் பார்த்துச் சொன்ன கணக்கு டிரெட்மில் பரிசோதனைக்குச் சமம் ஆகாதுதான். ஆனாலும், கவனிக்கச் சொல்லும் எண் அது.

அடங்கிய வைரஸ் என்ன செய்கிறது?

இங்கே ஒரு கேள்வி வரும். வைரஸ்தான் அடங்கிவிட்டதே, பிரேக் ஏன் தளர வேண்டும்?

மாத்திரை வைரஸைப் பெருகவிடாமல் நிறுத்துகிறது. உடம்பிலிருந்து முழுவதுமாகத் துடைத்துவிடுவதில்லை. சில செல்களுக்குள் அது பதுங்கியே இருக்கிறது. தொற்றின் ஆரம்பத்திலேயே குடலின் உட்சுவரில் இருக்கும் சிடி4 செல்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. சிகிச்சைக்குப் பிறகும் அந்தச் சுவர் முழுதாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. குடல் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிய, நோய் எதிர்ப்பு மண்டலம் எந்நேரமும் லேசான கொதிநிலையிலேயே இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் தணல் போல. இந்த உள்ளழற்சி ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தொந்தரவு செய்கிறது, கொழுப்பு படிய வழி செய்கிறது.

நரம்புகளும் தப்புவதில்லை. வைரஸும் பழைய மருந்துகள் சிலவும் பாதத்தின் நரம்புகளைத் தாக்கியது அக்காவின் எரிச்சலில் தெரிந்தது. இதயத்தைக் கட்டுப்படுத்தும் தானியங்கி நரம்புகளும் அதேபோல பாதிக்கப்படலாம் என்பது, மருந்து வராத காலத்திலேயே மருத்துவர்களின் கண்ணில் பட்டது. ஓய்வில் துடிப்பு கூடுதலாக இருப்பது, உழைக்கும்போது தேவையான அளவு ஏறாமல் இருப்பது, நிறுத்திய பிறகு தாமதமாக இறங்குவது... இவை ஹெச்.ஐ.வி உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. எல்லோருக்கும் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. உடம்பின் அழற்சியைத் தணிப்பதிலும் வேகஸ் நரம்புக்குப் பங்கு இருக்கிறது. கெவின் ட்ரேசி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 2000-ம் ஆண்டில் எலிகளிடம் இதைக் காட்டியது. பிரேக் தளர்ந்தால் இதயமும் பரபரக்கும், தணலும் அடங்காது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

மொத்தத்தில், ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ‘அப்படியென்றால் மாத்திரைதான் காரணமா? கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?’ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உலக அளவில் 5,472 பேரிடம் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், இடையிடையே மருந்தை நிறுத்தியவர்களுக்கு மற்ற நோய்களோடு இதயப் பிரச்னைகளும் அதிகமாயின. மாத்திரை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது!

இவற்றோடு, வைரஸுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. புகை, பிரஷர், சுகர், ரத்தசோகை, தைராய்டு. அதனால்தான் டாக்டர் எடுத்த எடுப்பில் ‘நடங்க’ என்று சொல்லவில்லை. இ.சி.ஜி, எக்கோ, ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் பார்த்தார். பிரஷர் மட்டும் விளிம்பில் இருந்தது. மற்றபடி பதினெட்டு வருட நாற்காலிதான் பெரிய குற்றவாளி.

‘அலட்டிக்காதே’ என்ற பழைய பயம்

ஹெச்.ஐ.வி உள்ளவர் உடற்பயிற்சி செய்தால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்ற பயம் அக்காவின் அம்மாவுக்கு மட்டும் இருந்ததில்லை. உலகமே அப்படித்தான் பயந்தது.

அமெரிக்காவின் கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன், 1991 நவம்பர் 7 அன்று தனக்குத் தொற்று இருப்பதை அறிவித்து ஓய்வுபெற்றார். மூன்றே மாதங்களில், ரசிகர்கள் வாக்களித்ததால் ஆல்-ஸ்டார் போட்டியில் ஆடி 25 புள்ளிகள் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அதே வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். பிறகு தன் அணிக்குத் திரும்ப முயன்றபோது, சக வீரர்கள் சிலரே பயந்தார்கள். பயிற்சி ஆட்டத்தில் அவர் கையில் விழுந்த சின்னக் கீறல்கூடச் செய்தியானது. அவர் மறுபடியும் விலகினார். 1996 ஜனவரியில், 36 வயதில், திரும்பி வந்து 32 ஆட்டங்கள் ஆடினார். இன்றும் நம்மோடு இருக்கிறார்.

வியர்வையால் ஹெச்.ஐ.வி பரவாது. ஜிம் உபகரணத்தால், ஒரே மைதானத்தில் ஓடுவதால் பரவாது. இதைப் பலரும் படித்திருப்பார்கள். உடற்பயிற்சி செய்பவரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. பல வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது: உடல்நிலை சீராக இருப்பவர்கள் அளவாகப் பயிற்சி செய்தால் வைரல் லோடு ஏறுவதில்லை, சிடி4 இறங்குவதில்லை. மூச்சுத்திறன் கூடுகிறது, தசை வலுவாகிறது, மனச்சோர்வு குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடல் இயக்க வழிகாட்டுதலில் ஹெச்.ஐ.வி உள்ளவர்களையும் குறிப்பிட்டே சேர்த்திருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள்களாவது தசைகளுக்கான பயிற்சி. மற்றவர்களுக்குச் சொல்லும் அதே அளவு!

பேச முடியணும், பாட முடியக் கூடாது

அக்காவுக்குக் கொடுத்த திட்டம் எளிமையானது. முதல் இரண்டு வாரங்கள் தினமும் பத்து நிமிட நடை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, முப்பது நிமிடத்தில் நிறுத்திக்கொள்வது. தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுநடை கட்டாயம்.

கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேகமாக நடந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தால், காலில் தேங்கிய ரத்தம் சட்டென்று மேலே வராது, தலைசுற்றும். பிரேக் மெதுவாகப் பிடிக்கும் உடம்புக்கு அந்த ஐந்து நிமிடம் ரொம்ப முக்கியம்.

எவ்வளவு வேகம்? இணையத்தில் தேடினால் ‘220-லிருந்து வயதைக் கழியுங்கள்’ என்று வரும். அக்காவுக்கு அது 169. அதில் இத்தனை சதவிகிதம் என்று கணக்குப் போட்டு நடக்கச் சொல்வார்கள். துடிப்புக் கட்டுப்பாடே கொஞ்சம் தளர்ந்திருப்பவர்களுக்கும், பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அந்தக் கணக்கு சரியாக வராது. டாக்டர் சொன்ன அளவுகோல் வேறு: “நடக்கும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச முடியணும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதாம்மா உங்க வேகம்.”

வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவது பத்து முறை. செலவு ஒன்றும் இல்லை.

திட்டம் சுலபம்தான். ஆனால் எங்கே நடப்பது?

கணவரை இழந்த பெண், விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் கேள்வி வரும். ‘திடீர்னு என்ன நடை? டாக்டர் சொன்னாரா? எந்த டாக்டர்? எதுக்குப் போனீங்க?’ ஒரு கேள்வி இன்னொன்றை இழுத்து வரும். பதினெட்டு வருடம் காத்த ரகசியம் ஒரு நடையில் அவிழ்ந்துவிடுமோ என்ற பயம். முதல் மாதம் மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி நடந்தார். முப்பது அடிக்கு ஒரு திருப்பம். தலை சுற்றியதுதான் மிச்சம்.

வழி காட்டியவர் தம்பி மனைவி. வீட்டில் விஷயம் தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். “அண்ணி, எனக்குத்தான் சுகர் இருக்கே. எனக்குத் துணைக்கு நீங்க வர்றதா இருக்கட்டும். யாரு கேக்கப் போறா?” என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து இருவரும் பள்ளிக்கூட மைதானத்தில். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் தம்பி மனைவியின் சுகர் பதில் சொன்னது. இரண்டே மாதத்தில் அவருக்கும் சர்க்கரை அளவு இறங்கியது தனிக்கதை.

இடையில் அடைமழையில் பதினைந்து நாள் போனது. ஒரு வைரஸ் காய்ச்சலில் இன்னொரு வாரம் போனது. காய்ச்சல் நாள்களில் நடக்கக் கூடாது என்பதால் நிறுத்திவிட்டு, திரும்பவும் பத்து நிமிடத்திலிருந்தே தொடங்கினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஓய்வுத் துடிப்பு 92-லிருந்து 81-க்கு வந்திருந்தது. நிறுத்திய முதல் நிமிடத்தில் இறங்குவது ஏழிலிருந்து 16 ஆகியிருந்தது. மைதானத்தை எட்டுச் சுற்று சுற்றிய பிறகும் கதை பேச மூச்சு மிச்சமிருந்தது. பிரஷர் மாத்திரை இதுவரை தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் இதே எண்கள் வரும் என்று சொல்ல முடியாது. சிலருக்குத் துடிப்பு அவ்வளவாக மாறாமல் மூச்சுத்திறன் மட்டும் கூடும். பழகப் பழக நடை சுலபமாவதுதான் முதலில் தெரியும் பலன்.

மறைக்கக் கூடாத இடம்

ஊரிடம் ரகசியம் காப்பது அவரவர் உரிமை. மருத்துவரிடம் மட்டும் மறைக்கக் கூடாது. இதய டாக்டரிடம் போகும்போது ஏ.ஆர்.டி மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய பேர். அதில் ஆபத்து இருக்கிறது.

இன்று பெரும்பாலானோர் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் டோலூடெக்ராவிர் இருக்கிறது. இரும்புச்சத்து, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் ஆகியவை இதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். உடற்பயிற்சி ஆரம்பித்ததும் தெம்புக்கு என்று சத்து மாத்திரையும், தாதுக்கள் சேர்த்த பவுடரும் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ டோலூடெக்ராவிர் சாப்பிடுவதுதான் பாதுகாப்பான வழி. சுகருக்கான மெட்ஃபார்மின், இதனோடு சேரும்போது ரத்தத்தில் கூடும். அதனால் டோஸை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் கட்ட சிகிச்சையில் இருப்பவர்கள் சாப்பிடும் சில மருந்துகளோடு, சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகள் சேரவே கூடாது.

அதே நேரம், பொருத்தமான ஸ்டாட்டின் மாத்திரை பலருக்குக் கவசமாகவும் இருக்கும். இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான, ஹெச்.ஐ.வி உள்ள 7,769 பேரிடம் பிடாவாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. பெரிய இதயப் பாதிப்புகள் 35 சதவிகிதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ‘எனக்கு ஸ்டாட்டின் தேவையா?’ என்று டாக்டரிடம் கேட்கலாம். கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

மருத்துவமனையில் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் ஹெச்.ஐ.வி - எய்ட்ஸ் சட்டம், சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதையும் தடை செய்கிறது.

இவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கணும்

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், காலில் வீக்கம், தாறுமாறான துடிப்பு... இவற்றில் எது இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி நிற்கவில்லை என்றால் 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

காசநோய் சிகிச்சையின் ஆரம்பத்தில் இருப்பவர்கள், ஏ.ஆர்.டி இப்போதுதான் தொடங்கியவர்கள், சிடி4 ரொம்பக் குறைவாக இருப்பவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள்... எல்லோரும் டாக்டர் சொல்லும் அளவில் தொடங்குவதே நல்லது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. வீடு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

வாட்ச் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாட்ச்சும் சில நேரம் தவறாகக் காட்டும். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டால் நாடி தெரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கான துடிப்பு. காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பு ஒன்று. நடையின் வேகத்தைக் குறைத்ததும் ஒன்று. மெதுவாக நடந்தபடியே ஒரு நிமிடம் கழித்து மூன்றாவது. இந்த மூன்று எண்களையும் தேதி போட்டுக் காலண்டர் தாளில் குறித்துவந்தால் போதும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். தூக்கம் கெட்டாலும், வெயில் ஏறினாலும், மனசு சரியில்லாவிட்டாலும் அது மாறும். மாதக் கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம்.

அடுத்த முறை மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி மையத்துக்குப் போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும் எடுத்துப் போங்கள். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், ‘உடம்ப அலட்டிக்காத’ என்று பாசத்தோடு சொல்லிக்கொண்டிருப்பவர்கள், நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ‘வா, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம்.